இரண்டு நாட்டு வரி கட்டிய கேமரா

என் கேமரா கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் செத்துப்போனது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் படங்களுக்காக ஒரு ஜோடியை அலை ஓரமாக நிற்க வைத்திருந்தேன். மாப்பிள்ளைப் பையன் பெண்ணைத் தூக்கிச் சுற்றுகிறேன் என்று ஆரம்பித்தான். மணலில் கால் புதைந்து, அவளோடு சேர்ந்து என் மேலேயே சாய்ந்தான். மூன்று பேரும் தண்ணீரில் உட்கார்ந்தோம், மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம்தான் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

சென்னையில் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே போர்டெல்லாம் உப்பு ஏறிவிட்டது, சரி செய்கிற காசுக்குப் புதிதே வாங்கலாம் என்றார்கள். நான் புதுச்சேரியில், சாரம் பகுதியில் இருந்துகொண்டு வளைகாப்பு, காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று படம் எடுத்துப் பிழைக்கிறவள். கேமரா இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. மறுநாளே நேரு வீதிக்குப் போனேன்.

அங்கே கேமரா கடை வைத்திருக்கும் பாயை எனக்கு என் முதல் கேமரா வாங்கிய நாளிலிருந்து தெரியும். விலையைச் சொல்வதற்கு முன்னால் டீ சொன்னார். பாய் டீ சொன்னால் விலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நான் கேட்ட மாடலின் புது விலையை அவர் சொன்னதும் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா பாய், போன வருஷம் எங்க தெருப் பொண்ணு ஒண்ணு வாங்கினப்போ இவ்ளோ இல்லியே?"

"நானா ஏத்தறேன்? கேட்டுக்கோ தங்கச்சி." கண்ணாடி மேசை மேல் விரலால் ஒரு கோடு போட்டார். "இது கப்பல். அங்க ஏத்தும்போது ஒரு விலை. இங்க வந்து இறங்குனா சுங்கம். சுங்கத்தையும் சேத்து வர்ற விலை மேல ஜிஎஸ்டி. வரிக்கும் சேத்துத்தான் வரி கட்டறோம். நடுவுல ரூபா வேற இறங்கிப்போச்சு. சுங்கம் போடறது ரூபா கணக்குலதான. ரூபா இறங்குனா அதுவும் சேந்து ஏறும்."

"அப்போ எங்கிட்ட வர்றதுல கேமரா எவ்ளோ, வரி எவ்ளோ?"

"அதெல்லாம் பிரிச்சுப் பாக்காத. தூக்கம் வராது."

எனக்குத் தூக்கம் வராமல்தான் போனது. வேலைக்கு ஒரு கேமராவை நாள் வாடகைக்கு எடுத்துச் சமாளித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் வாட்ஸ்அப்பில் பேசும்போது புலம்பித் தீர்த்தேன். அக்கா பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எந்த மாடல்னு அனுப்பச் சொல்லு."

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். எங்கள் ஊரில் சொன்னால் புரியும், அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பத்தில் பிறந்து, அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். அதிகம் பேச மாட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார். அவர் ஒரு பொருளைப் பற்றி ஆர்வமாகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

நவம்பரில் அங்கே பெரிய தள்ளுபடி வருமாம். அப்போது வாங்கினால் பாய் சொன்ன விலையைவிடக் கணிசமாகக் குறையும். டிசம்பரில் எப்படியும் ஊருக்கு வருகிறார்கள், கையோடு கொண்டுவந்துவிடலாம். பணத்தை இங்கே அக்காவின் பெயரில் இருக்கும் கணக்கில் நான் போட்டுவிட்டால் போதும். இப்படி ஏற்பாடானது.

ஒரு சிக்கல்தான் மிச்சம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஓரளவு மதிப்புள்ள சாமான் வரைக்கும் வரியில்லாமல் கொண்டுவரலாம். அதைத் தாண்டினால் மிச்சத்துக்குச் சென்னை விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டும். இந்தக் கேமரா அதைத் தாராளமாகத் தாண்டும். அக்கா அதற்கும் வழி வைத்திருந்தாள்.

"பெட்டிய இங்கயே தூக்கிப் போட்டுடுங்க. கழுத்துல மாட்டிகினு வாங்க. நம்ம கேமரா, ஊர் சுத்திப் பாக்க வந்தோம். யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் அப்டித்தான் வராங்க."

"சரி" என்றார் மாமா.

புதுக் கேமரா மாதிரித் தெரியக்கூடாது என்று, அதில் கொஞ்சம் படம் எடுத்து வைக்கும்படி அக்காதான் அவரிடம் சொன்னாள். நவம்பர் கடைசியில் எனக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ரொட்டிக் கடை வாசல். அப்புறம் பஸ் நிறுத்தத்தில் நனைந்த பெஞ்சு. ஒவ்வொன்றோடும் ஒரு கேள்வி. "ஏம்மா, இதுல முகம் இருட்டா வருதே, எதைத் திருப்பணும்?" "பின்னாடி இருக்கிறதெல்லாம் கலங்கலா வர்ற மாதிரி நீ எடுப்பியே, அது எப்டி?" நான் காதுகுத்து வீட்டில் தாய்மாமன் மடியில் அலறும் குழந்தையைப் படம் பிடித்துக்கொண்டே, இடையிடையே அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். வாரத்துக்கு வாரம் படம் நன்றாக வந்தது. என்னிடம் பதினைந்து வருடமாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி அனுப்பினார்.

டிசம்பரில் அவர்களை அழைத்துவர என் கணவரும் நானும் காரில் சென்னைக்குப் போனோம். காலை விமானம். பயணிகள் சாரை சாரையாக வெளியே வந்தார்கள். அக்காவும் வந்தாள், தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு. தனியாக.

"மாமா எங்கக்கா?"

அவள் முகம் சிவந்திருந்தது. "உள்ள நிக்கறாரு. வரி கட்டப் போறாராம்."

"புடிச்சுட்டாங்களா?"

"யாரும் புடிக்கல. வரி கட்ட ஒண்ணும் இல்லாதவங்க வர்ற பச்சை வழியா நேரா நடந்து வந்துகினு இருந்தோம். பாதில நின்னு, நீ போ, நான் துவான்ல சொல்லிட்டு வரேன்னு திரும்பிப் போய்ட்டாரு." சுங்கத்தை மாமா எப்போதும் துவான் என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் அக்காவுக்கும் அவர் பேச்சே வந்துவிடும்.

நாங்கள் காபி குடித்து முடித்த பிறகும் அவர் வரவில்லை. கடைசியில் வந்தார். கழுத்தில் கேமரா, கையில் ரசீது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி முகம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டும் வரை அக்கா வாயே திறக்கவில்லை. நான்தான் கேட்டேன், உள்ளே என்ன நடந்தது என்று.

"ஒரு பொண்ணுதான் ஆபீசரு. உன் வயசு இருக்கும். கேமராவ வாங்கிப் பாத்துது. உள்ள இருந்த படமெல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்துது. சார், இது நீங்க யூஸ் பண்ற கேமராதானன்னு கேட்டுது. ஆமாம்மா, யூஸ் பண்ணேன், ஆனா என்னுது இல்ல, எம் மச்சினிக்குன்னேன்."

"அய்யோ மாமா."

"மறுபடியும் கேட்டுது. சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, திரும்பிப் போறப்போ கொண்டு போய்டுவீங்கதானன்னு. இல்லம்மா, இங்கதான் குடுத்துட்டுப் போறேன்னேன். அதுக்கப்புறம் அதால என்ன பண்ண முடியும், பாவம். பில்லக் கேட்டுது."

என் கணவர் ஓட்டிக்கொண்டே சிரித்தார், பெருமூச்சும் விட்டார். அந்த பில்லில்தான் விஷயமே இருந்தது. பிரான்சில் கடைக்காரன் போட்ட விலையிலேயே அந்த நாட்டு விற்பனை வரி அடக்கம். அங்கேயே குடியிருக்கிறவருக்கு அது திரும்ப வராது. அந்த வரியும் சேர்ந்த விலையின் மேல்தான் நம் ஊர்ச் சுங்கம் விழுந்தது. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். பாய் சொன்ன விலையைவிட அதிகம் வந்தது. சுங்கப் பணத்தை நான் கொடுக்கப் போனால் மாமா வாங்க மறுத்துவிட்டார். "நான் சொல்லித்தான வந்துச்சு, அது எம்பாடு" என்றார். அக்கா அடுக்களையில் பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள்.

பேட்டரி வாங்கும் சாக்கில் பாய் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் கேமராவைக் கையில் வாங்கி, மரியாதையாகத் துடைத்தார். "ரெண்டு சர்க்காருக்கும் வரி கட்டிட்டு வந்திருக்கு. எங்கடையில இருக்கிற எதுவும் இவ்ளோ நேர்மையா வந்தது இல்ல" என்று சொல்லி, ஒரு தோல் வாரைக் காசு வாங்காமல் மாட்டிவிட்டார். இந்த ஊரில் வாரண்டி செல்லாது என்பதைக் கடைசியாக, மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கா மாமாவிடம் பேசாமலே நாட்கள் போயின. ஒரு மத்தியானம் அவள் தூங்கும்போது, மொட்டைமாடியில் துணி எடுக்க வந்த மாமாவிடம் கேட்டே விட்டேன்.

"ஏன் மாமா? அந்தப் பொண்ணே வழி விட்டுச்சே. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சட்டத்துக்கு பயந்தா?"

அவர் கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்மா. அந்த ஒரு மாசம் தினமும் அதை எடுத்துகினு போனேன். காலைல எழுந்ததும் வெளிச்சம் எப்டி இருக்குன்னுதான் பாக்கறேன். ரிட்டையர் ஆனதுலேந்து அப்டி எதுக்காகவும் எழுந்ததில்ல. அங்க நின்னு என்னுதுன்னு வாயால சொல்லிட்டேன்னு வெய்யி, அப்புறம் உங்கிட்ட குடுக்க மனசு வராது. அதான் உன்னுதுன்னு சொல்லிட்டேன். ரசீதே போட்டு வாங்கிட்டேன்."

அவர் கையிலிருந்து துணிகளை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன்.

அன்று மாலை கேமராவின் கார்டைக் கணினியில் போட்டேன். எனக்கு அனுப்பிய ரொட்டிக் கடையும் பெஞ்சும் அதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அக்கா. கம்பளிக் குல்லாய் போட்டுக் குப்பை கொட்டப் போகிற அக்கா. போனில் என்னோடு பேசிச் சிரிக்கிற அக்கா, அது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற அக்கா. அவளுக்குத் தெரியாமல் எடுத்தவை. சிலதில் குவியம் தவறியிருந்தது. ஊசியும் நூலும் உள்ள படத்தை நான் எடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் படத்துக்கு, "இந்த நைட்டியோடவா எடுத்தாரு?" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பாதியில் எழுந்து போய், "டீ போடட்டுமா உங்களுக்கு?" என்று முன்னறையைப் பார்த்துக் கேட்டாள். அவர் "போடு" என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் நானும் அக்காவும் பாயிடம் போனோம். யாரோ ஒருவர் புது மாடலுக்கு மாறியபோது கொடுத்துவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று இருந்தது. ஓரத்தில் ரப்பர் கொஞ்சம் உரிந்திருந்தாலும் வேலை சுத்தம். அதன் வரியை எவரோ என்றைக்கோ கட்டி முடித்திருந்தார்கள், அதனால் எங்களால் வாங்க முடிந்தது. அக்கா அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்களுது. யார் கேட்டாலும் அப்டியே சொல்லலாம்."

மாமா அதை எடுக்கவில்லை. முதலில் கை கழுவிவிட்டு வந்தார்.

என் புதுக் கேமராவால் நான் முதலில் எடுத்தது ஒரு வளைகாப்பு, கதிர்காமத்தில். படங்களைப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அம்மா கட்டணம் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பற்றிக் கேட்டார். கப்பல், சுங்கம், ஜிஎஸ்டி என்று பாய் மாதிரியே மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, இன்னொரு தட்டு கலந்த சாதம் கொண்டுவந்து வைத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இரண்டு செய்திகள் வருகின்றன. மாமாவிடமிருந்து படங்கள். அக்காவிடமிருந்து, நிம்மதியாக ஒரு வெங்காயம் உரிக்க முடியவில்லை, தலை வாரினால் டக்கென்று சத்தம் கேட்கிறது என்று வாய்ஸ் மெசேஜ். போன வாரம் மாமா தனியாக ஒன்று அனுப்பியிருந்தார். தூரத்தில் இருக்கும் பறவைகளை எடுக்கிற லென்ஸ் ஒன்று பாய் கடையில் பழசாகக் கிடைக்குமா, அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று. விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.