பெருமாள் போடாத கையெழுத்து

பெருமாள் அண்ணன் மாலையில் பூங்காவை விட்டுக் கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வலதுகைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே வருவார். உதடு அசையும், சத்தம் வராது. பத்துப் பதினைந்து வருடமாக இதைப் பார்க்கிறேன். சாமி பெயர் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது ரத்தினம்மா அவரிடம், "கெளம்புங்கண்ணா, நனைஞ்சிடப் போறீங்க" என்றாள்.

"தவிட்டுக்குருவி ஆறுதான் வந்துகீது. ஏழாவது வரட்டும்" என்றார்.

ஏழாவது வந்தது. அதற்குள் அவர் நனைந்துவிட்டார்.

ரத்தினம்மா, சர்க்கரைக்காகப் பூங்காவில் நடக்கும் பெண்களில் வேகமாக நடப்பவள். நடப்பதைவிட வேகமாகப் பேசுவாள். நானும் அந்தக் கூட்டத்தில் கடைசியாக நடக்கிறவள். கடைசியில் நடந்தால் பேச வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டு போகலாம்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் இருந்தவரை பெருமாள் அண்ணனுக்கு, ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்டு குழி வாசலில் வேலை. கேஜ் கூண்டில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் கொடுப்பார். ஆள் மேலே வந்ததும் அதை வாங்கிப் பலகையில் அந்த எண்ணுக்கான ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இருபத்தைந்து வருடம் இதைச் செய்தார். சுரங்கத்தை மூடியபோது எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போனவர் பறவைகளை எண்ண ஆரம்பித்தார்.

பறவைகளையும் அவர் கம்பெனி ஆட்களைப் போலத்தான் பிரித்து வைத்திருந்தார். காகம், மைனா, செம்போத்து எல்லாம் பர்மனென்ட். ஐப்பசியில் வந்து பங்குனிக்குள் போய்விடும் வாலாட்டிகள் கான்ட்ராக்ட். சித்திரையில் தொண்டை கிழியக் கத்தும் குயில் யூனியன் தலைவர், கூடு கட்டுகிற வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் மரங்கள் ஆடி, பறவைகள் எங்கோ பதுங்கிவிடும் நாட்களுக்கு அவர் வைத்த பெயர் லே-ஆஃப். அந்த நாட்களில் முகம் தொங்கிப்போயிருப்பார்.

எல்லாவற்றிலும் அவருக்கு மரியாதை ஆறுமணிக்குருவி மேல்தான். வடக்கிலிருந்து ஐப்பசியில் வரும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. இவ்வளவு அலங்காரத்தோடு வந்து, தரையில் சருகைப் புரட்டிப் புழு தின்னும். பூங்காவின் வடக்கு மூலையில் உண்ணிச்செடியும் வேலிப்புதரும் மண்டிக் கிடந்தன. அந்த மூலையை விட்டு அது வெளியே வராது. காலை ஆறுக்கு ஒரு தடவை, மாலை ஆறுக்கு ஒரு தடவை இரண்டு விசில் அடிக்கும். ஷிப்டு சங்கு நின்றுபோன ஊரில் நேரத்துக்கு ஊதுகிற ஒரே ஆள் அதுதான் என்பார்.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் எல்வின் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அதே ஷாஃப்டில் இறங்கியவர். இடது முட்டி மடங்காது. காலை நீட்டியே வைத்திருப்பார், நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம். பறவைகள் மேல் அவருக்கு எந்த அக்கறையும் கிடையாது. பெருமாளைக் கிண்டல் செய்யவே வருவார்.

"இன்னாடா, எல்லாம் ஹாஜரா?"

"மரங்கொத்தி வரல."

"மெடிக்கல் லீவு போட்டுகீதோ இன்னாவோ."

இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளி கழிந்ததும் வார்டு மெம்பர் சுதர்சன் பூங்காவுக்கு வந்தார். வடக்கு மூலையைக் காட்டி, "இந்தக் குப்பையை எடுத்துட்டு ஓப்பன் ஜிம் போடறோம்" என்றார். ரத்தினம்மா கை தட்டினாள். ஜிம் வந்தால் நடக்க வேண்டியதில்லை என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பெருமாள் அண்ணன் அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்காகப் பேசியவள் இந்து. ஆண்டர்சன்பேட்டைப் பெண், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு வருவாள். மெம்பரிடம் நேரே போய், பறவை வரும் இடத்தை அழிக்கக் கூடாது என்றாள். மெம்பர் யோசித்தார். ஒரே நாளில் நாற்பது வகைப் பறவை இங்கே இருக்கிறது என்று பட்டியல் கொண்டுவந்தால் மூலையைத் தொடமாட்டேன், ஜிம்மைக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஏன் நாற்பது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. போர்டில் எழுத நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை என்று வைத்தார்கள். இந்துவோடு பெங்களூரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ரயில் தாமதம், ஆறரை ஆகிவிட்டது. பெருமாள் அண்ணன் ஐந்தே முக்காலுக்கே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக வந்து நின்றிருந்தார். அன்று அவர் நடந்த நடையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இதோ தேன்சிட்டு, அதோ தண்ணீர்த் தொட்டி மேல் மீன்கொத்தி, புங்கமரப் பொந்தில் ஆந்தை, அது நைட் ஷிப்டு, எழுப்பாதீங்க. பெரிய கேமரா வைத்திருந்தவர்கள் அவர் விரல் காட்டிய பக்கமெல்லாம் ஓடினார்கள்.

பதினொன்றரைக்கு முப்பத்தொன்பது ஆயிற்று. அதற்குமேல் நகரவில்லை.

"ஆறுமணிக்குருவி இன்னும் வரலையே அங்கிள்" என்றாள் இந்து. "காலைல சத்தமாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆறு அடிச்சு ரெண்டு நிமிஷம். மூலையிலேருந்து ரெண்டு விசில்."

இந்து துள்ளினாள். "அப்புறம் இன்னா? கொரல் கேட்டாலும் கணக்குதான் அங்கிள், ரூல்லயே கீது. அப்போ நீங்க மட்டும்தான் இருந்தீங்க. உங்க பேரைப் போட்டு ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பாக்கலையேம்மா."

"பாக்க வேணாம் அங்கிள். கேட்டாலே போதும்."

"கேட்டது உள்ளேருந்து. வெளிய வந்துச்சுன்னு எப்படி எழுதறது?"

ரத்தினம்மா நடப்பதை நிறுத்திவிட்டு வந்தாள். நாற்பது ஆனால் ஜிம் கேட்டுக்கே வந்துவிடும், இன்னும் கிட்டம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. "நான் பாத்தேன். என் பேரை எழுதிக்கோ."

"இன்னா கலரு?" என்றார் பெருமாள் அண்ணன்.

"ஆறு மணி இருட்டுல இன்னா கலருண்ணா தெரியும்?"

பெங்களூர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூலைக்குப் போய்ப் புதர் ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தார். எழுபது வயது ஆள். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். சருகு இரண்டு தடவை அசைந்தது. முதல் தடவை ஓணான். இரண்டாவது தடவையும் அதே ஓணான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்வின் அண்ணன் காலை இழுத்துக்கொண்டு அங்கே போனார்.

"டேய், கையெழுத்தைப் போடுடா. குருவி வந்து உன்னக் கேக்கப்போவுதா? உள்ளதான் கீது, உனக்கே தெரியும்."

பெருமாள் அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "உனக்கும் இப்படித்தான் போட்டேன்."

இந்துவுக்கு இது புரியவில்லை. எங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். எண்பத்தெட்டில் ஒருநாள் ஷிப்டு முடிந்து ஆட்கள் மேலே வந்தபோது, எல்வினின் கூட்டாளி இரண்டு டோக்கன்களை நீட்டினான். ஒன்று அவனுடையது, இன்னொன்று எல்வினுடையது. பின்னாலேயே வரான், கொரல் கேக்குது பாரு என்றான். கூட்டத்தில் எல்வின் மாதிரி யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பெருமாள் டோக்கனை மாட்டிவிட்டார். எல்வின் கீழே மறந்துவிட்ட சாப்பாட்டுக் கேரியரை எடுக்கத் திரும்பிப் போய், ஒரு பாறைத் துண்டுக்கடியில் காலை வைத்துக்கொண்டு கிடந்தார். ஆணி காலியாக இல்லை, அதனால் யாரும் தேடவில்லை. அடுத்த ஷிப்டுக்காரர்கள் பார்க்கும்போது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. டோக்கனை இன்னொருவன் கையில் கொடுத்தது எல்வின் தப்பு என்று விசாரணையில் முடிவானது. பெருமாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

"அதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. நானே மறந்துட்டேன்" என்றார் எல்வின் அண்ணன்.

"மறக்கறது உன் வேல. எண்றது என் வேல."

சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. இந்து முப்பத்தொன்பது என்று எழுதிப் பேனாவை மூடினாள். அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எழுந்து நிற்க எல்வின் அண்ணன் கை கொடுத்தார். ஒருவருக்கு முட்டி மடங்காது, இன்னொருவருக்கு நிமிராது, இருவரும் எழுந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறுமணிக்குருவி புதரை விட்டு வெளியே வந்தது. நாங்கள் நடக்கிற பாதையில், வெயிலில் நின்று, ஐந்து நிமிடம் சருகைப் புரட்டியது. எல்லாரும் பார்த்தோம்.

"நேத்து ஆப்சென்ட், இன்னிக்கி ஓவர்டைமா?" என்றாள் ரத்தினம்மா.

பெருமாள் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டான்" என்று மட்டும் சொன்னார்.

இந்து பட்டியலோடு மெம்பரிடம் போனாள். முப்பத்தொன்பதைப் பார்த்து அவர் சிரித்தாராம். "ஒன்னுதானே கொறையுது, நாற்பதுன்னு எழுதியிருந்தா நான் இன்னா எண்ணியா பாக்கப்போறேன்?" என்றாராம். அப்படியானால் இதையே நாற்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்து கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. பெருமாள் அண்ணன் மாதிரிப் பெரியவரே அவ்வளவு நேர்மையாக இருக்கும்போது, மக்கள் பிரதிநிதியான தான் மட்டும் எப்படிப் பொய்க் கணக்கு ஏற்பது என்றாராம். அதற்கு முன்பும் பின்பும் கணக்கில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பங்குனியில் ஜேசிபி வந்தது, அரை நாளில் வேலை முடிந்தது. மூலை முகப்பில் 'பறவைகள் பூங்கா' என்று ஒரு போர்டும் வைத்தார்கள். அதில் இருப்பது எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத வெளிநாட்டுக் கிளி. எல்வின் அண்ணன், "இத எண்ணிட்டியாடா?" என்று கேட்டார். 

இப்போது வடக்கு மூலையில் ஆறு இயந்திரங்கள் இருக்கின்றன. இரண்டு அசையாது. ரத்தினம்மா ஒரு வாரம் ஏறி இறங்கிவிட்டு மறுபடியும் நடக்க வந்துவிட்டாள். பெஞ்சை எடுத்துவிட்டதால் பெருமாள் அண்ணனும் எல்வின் அண்ணனும் அசையாத இயந்திரங்களில் உட்காருகிறார்கள். சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்குப் புதர் மிச்சம் இருக்கிறது. இந்த ஜனவரியிலும் இந்து வந்து எண்ணினாள். முப்பத்துமூன்று. அதில் ஆறுமணிக்குருவி இல்லை.