உப்புப் போட்ட ஐஸ்

சில பாக்டீரியாக்கள் புரதத்தால் பின்னிய சட்டை போட்டிருக்கும். அதில் இடியாப்ப அச்சில் இருப்பதுபோல வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு தங்கத் துகளை உட்கார வைத்தால், கண்ணுக்கே தெரியாத அளவில் ஒழுங்கான புள்ளிகள் கிடைக்கும். அந்தச் சட்டை எதுவரை கிழியாமல் தாங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. கம்பத்தில் திராட்சைத் தோட்டக்காரருக்கு வாக்கப்பட்டவளுக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்ததில்லை.

மின்வெட்டு எல்லோரையும் பாடாய்ப்படுத்திய இரண்டாயிரத்து எட்டு அது. விடுமுறையில் ஆய்வகத்து ஃப்ரிட்ஜை நம்ப முடியாமல், தங்கம் பதித்த சட்டைகள் மிச்சமிருந்த சோதனைக் குழாய்களை பிளாஸ்கில் வைத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுவந்திருந்தேன். வீட்டிலென்றால் கரண்ட் போனாலும் கவனிக்க ஆள் உண்டு. கெட்டால் மறுபடி செய்ய அவகாசம் இல்லை. பட்டம் போனது போனதுதான்.

நான் தேவதானப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. வீட்டிலிருந்த என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஐஸ் பாளம் வாங்கி உடைத்து, குழாய்களை அதில் புதைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? குச்சி ஐஸ்காரர் பெட்டியில் பார்த்த ஞாபகத்தில் கல்லுப்பையும் அள்ளிக் கொட்டிவிட்டார். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ய டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும். நான் வந்து பார்த்தபோது குழாய்கள் கல்லாக உறைந்திருந்தன. உறைந்தால் சட்டை கிழியும் என்று அஞ்சி அதுவரை தொடாத எல்லை அது.

"யாரு மாமா உப்பப் போடச் சொன்னாக?" என்று கத்தினேன்.

"கரஞ்சுரக் கூடாதேன்னுதான் புள்ள..."

அவர் விரல்கள் வெளுத்து விறைத்துப்போயிருந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது வந்த வழியே போய்விட்டது. அழுதுகொண்டே அவர் கைக்கு வெந்நீர் போட்டேன்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி கொச்சியில் இருந்தது. குமுளி மலை ஏறி இறங்கிப் போய்ச் சேரும்வரை அவர் பிளாஸ்கை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

திரையில் படம் வந்தது. சட்டை துண்டு துண்டாகக் கிழிந்திருந்தது. ஆனால் எந்தத் துண்டிலும் துளைகளின் வரிசை கலையவில்லை. தங்கம் அததன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் தொட அஞ்சிய எல்லையிலும் வரிசை தாங்கும் என்பதே என் ஆய்வுக்குப் புது விடை. கதவருகே நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நாத்து நட்ட மாதிரி இருக்கு புள்ள. அப்ப நான் கெடுக்கலையா?"

"பாதி கெடுத்தீக" என்றேன். அன்றுதான் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

என் ஆய்வேட்டில், 'உப்பு கலந்த பனிக்கட்டியில் உறைய வைக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. யார் வைத்தார் என்று அங்கே எழுத இடமில்லை. என் வீட்டுக்காரர் வைத்தார்.