புதிதாகக் கட்டிய இடிபாடு

என் மூத்தவளுக்கு அம்மை போட்டு, சின்னச் சத்தத்துக்கும் வீறிட்டு அழுத அந்த வாரம், பக்கத்து வீட்டு ஏபெல் டக்கெட் தன் சுத்தியலில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு கல் செதுக்கினார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வேலை மந்தமென்று அவர் திட்டு வாங்கியதை அவர் மனைவி ப்ரூடன்ஸ் சொல்லித்தான் அறிந்தேன்.

நான் எஜமானின் பண்ணையில் வெண்ணெய் கடைந்தேன். ஏபெல் அங்கே கொத்தனார். எஜமான் பேய்க்கதை எழுதுகிறவர். பாழடைந்த மடம், துறவியின் ஆவி என்று அவர் எழுதுவதை லண்டன் சீமாட்டிகள் நடுங்கிக்கொண்டே படிப்பார்களாம். அப்படியொரு பாழ்மடம் தன் குளக்கரையிலும் வேண்டுமென்றார். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் விருந்துக்குள் முடியாவிட்டால் ஏபெலுக்கு வேலையும் போகும், குடியிருந்த வீடும் போகும்.

கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தெகொஸ்தே நாளுக்குள் கூர்முனை வளைவோடு உயரமான ஜன்னல் எழுந்துவிட்டது. எஜமான் அதைப் பழங்காலத்துக் காத்திக் பாணி என்பார். ஏபெலுக்கு அது தேவாலயத்து ஜன்னல்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா, அதான் தப்பு. மேல்பாதிய இடிச்சுத் தள்ளு," என்றார் எஜமான்.

ஏபெல் சுத்தியலைத் தொடவில்லை. நாட்கள் போயின.

"ஜெபம் பண்ற எடத்து ஜன்னல் மாதிரி இருக்கு. எப்படி அடிக்கிறது, சூசன்னா?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்க கட்டுன கோழிக்கூண்டு தானாவே விழுந்துச்சு. இதையும் அப்படிக் கட்டியிருந்தா தொல்லையே இல்ல," என்றாள் ப்ரூடன்ஸ்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏபெல் ஆறு மைல் நடந்து, நிஜமாகவே இடிந்த பழைய மடத்தில் எந்தக் கல் எங்கே விழுந்திருக்கிறதென்று பார்த்து வந்தார். மறுநாள் மேல்கற்களை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கி, விழுந்த வாக்கில் புல்லில் படுக்க வைத்தார். ஒரு கல்லும் உடையவில்லை.

விருந்துக்கு வந்த போதகர் தொப்பியைக் கழற்றினார். "எத்தனை நூறு வருஷத்து ஜெபம் கேட்ட கல்லோ."

"போன பெந்தெகொஸ்தேக்கு நான் கட்டுனதுங்க, அய்யா."

போதகர் சிரித்தார். தொப்பியை மட்டும் திரும்பப் போடவில்லை.

அந்த விருந்தாளிகளில் ஒருவர்தான் தனக்கும் ஓர் இடிபாடு வேண்டுமென்று வேறு சீமைக்கு ஏபெலை அழைத்துக்கொண்டார். இருபது வருஷமாகிறது. மாலை வெயில் அந்த ஜன்னல் வழியாகக் குளத்தில் விழும்போது நான் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நிற்பேன்.

அன்று ஊரைவிட்டு வண்டி கிளம்பும்போது ஏபெல் சொன்னார்: "மழையில அது நெசமாவே விழுந்துச்சுன்னா ஆள் அனுப்பு, சூசன்னா. வந்து, இடிஞ்சது இடிஞ்ச மாதிரியே கட்டிக் குடுக்கறேன்."