டிரைவரைத் திட்டியது போதும் என்றானது

எழுமலை–மதுரை பஸ்ஸில் நான் கண்டக்டர். எங்கள் டிரைவர் என் விசிலுக்கு முன்பே வண்டியை எடுத்துவிடுவார். "கண்ணு அவிஞ்சு போச்சாண்ணே?" என்று பயணிகள் முன்னாலேயே கத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் வீம்புக்கு இன்னும் வேகமாக எடுப்பார்.

ஒருநாள் காளவாசலில் ஒரு கர்ப்பிணி பின்படியில் கால் வைத்ததும் வண்டி நகர்ந்தது. அன்று நான் பின்னால் நின்றதால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். பிழைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவரைத் தனியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். "அண்ணே, அந்தப் புள்ள விழுந்திருந்தா ரெண்டு உசுரு போயிருக்கும். விசில் வராம எடுக்காதீக."

"இதை இப்படிச் சொல்ல உனக்கு ஒரு வருசம் ஆச்சா மாப்ள? நீ டிக்கெட் போட்டுக்கிட்டே முன்னால நின்னுக்கிருவ. விசில் எப்ப வரும்? நேரமாகுதுல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்னிடமும் இருந்தது. மறுநாளிலிருந்து ஸ்டாப் வந்தால் பின்படிக்கு ஓடினேன். அவர் விசிலுக்குக் காத்திருந்தார்.

போன மாதம் ஒரு பெரியவர் மூட்டையோடு மெதுவாக ஏறினார். "வண்டிய எடுப்பா!" என்று ஒருவன் அதட்டினான்.

"எங்க கண்டக்டர் சொன்னாத்தான் எடுப்பேன், உக்காருடா!" என்றார் டிரைவர்.

என் வாய் இன்னும் மோசம்தான். ஆனால் கூட வேலை பார்ப்பவரிடம் குறை சொல்வதை டீக்கடையில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். டீ என் செலவு.