ஆண்மை பற்றிய ஓர் ஆய்வேடும் நானும்

1. கடை

திருப்பதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முப்பது பக்கத்தைத் தொலைத்தேன். காலையிலிருந்து தட்டச்சு செய்த தமிழ்ப் பக்கங்கள், கரண்ட் போனதும் திரையோடு சேர்ந்து போய்விட்டன. ‘சேவ்’ கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, டைப்ரைட்டர்னு நினைச்சியா? இது கம்ப்யூட்டர். அடிச்சா மட்டும் போதாது, காப்பாத்தணும்.”

ஆனாலும் என்னை அனுப்பவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் திருப்பதியில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து தரும் டி.டி.பி. கடைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. தெலுங்குக்கும் இங்கிலீஷுக்கும் ஆட்கள் கிடைத்தார்கள். தமிழ் ஆபரேட்டர் கிடைப்பது கஷ்டம். நான் நகரியில் விசைத்தறி ஓட்டியவன். தறி வேலை குறையக் குறைய, முன்பு கற்றுவைத்திருந்த தமிழ் டைப்ரைட்டிங் கைகொடுத்தது.

தறி நின்ற அந்த வருஷம்தான் என் மனைவி கஸ்தூரி குவைத்துக்குப் போனாள். ஏஜென்ட் பெண்களைத்தான் கேட்டான், வீட்டு வேலைக்கு. அவளுடைய அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள். நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவுதான் அது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்து, கடைக்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அன்று கடை போனுக்குக் கூப்பிடுவாள். பாஸ்கர் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பார். நல்ல மனிதர்.

2. ஆய்வேடு

சபாபதி ஐயா சித்தூரில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். ஓய்வுபெறச் சில வருஷங்களே இருக்கும்போது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, கையெழுத்துப் பக்கங்களோடு வருவார். தலைப்பு, ‘பழந்தமிழ் இலக்கியத்தில் ஆண்மையும் ஒழுக்கமும்’.

ஒரு அத்தியாயம் போர். மார்பில் புண்பட்டவன் வீரன், முதுகில் பட்டவன் உயிரோடு இருந்தும் இல்லாதவன். அடுத்தது கொடை. அடுத்தது சொன்ன சொல் காப்பது. பிறகு, பிறர் மனைவியை ஏறிட்டும் பாராமை. அதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆண்மை என்று எழுதியிருந்தார். ‘ஆண்மை’ என்ற சொல்லை அடிக்காத பக்கமே இல்லை. ‘மை’க்கு முதலில் சங்கிலிக்கொம்பை அடித்து, பிறகு ‘ம’வை அடிக்க வேண்டும். விரல்கள் தாமாகவே போகும் அளவுக்குப் பழகிவிட்டது.

ஐந்தாவது அத்தியாயம் பொருள் தேடப் பிரிவது. ஆண் பாலை வழியே போவான், பெண் வாசலைப் பார்த்துக் காத்திருப்பாள், அவள் வளையல் கழன்று விழும். அடித்துக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். புரூப் பார்க்க அவர் வந்தபோது கேட்டேன்.

“ஐயா, பொம்பளை பொருள் தேடப் போயி, ஆம்பளை வீட்ல காத்துக்கினு இருக்கிற மாதிரி பாட்டு எதுனா இருக்குதா?”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஆராய்ச்சி நான் பண்றேன். நீ அடிக்கிற வேலையைப் பாரு.”

நான் கீபோர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

3. அண்ணன் வந்தது

அந்த மழைக்காலத்தில் கஸ்தூரியின் போன் நின்றுபோனது. ஒரு வெள்ளி வரவில்லை. அடுத்ததும் இல்லை. ஏஜென்டைத் தேடிப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. அவளுடைய அக்காவுக்கும் தகவல் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் நான் சாப்பிடப் போக மாட்டேன்; அந்த நேரத்தில் மணி அடித்துவிட்டால் என்ன செய்வது?

ஊரில் கதை கட்டிவிட்டார்கள். அவள் வேறொருவனோடு போய்விட்டாளாம். அதைச் சுமந்துகொண்டு என் அண்ணன் ஏகாம்பரம் கடைக்கே வந்தார். அன்று சனிக்கிழமை. சபாபதி ஐயா பக்கத்து நாற்காலியில் புரூப் திருத்திக்கொண்டிருந்தார்.

“வடமாலபேட்டைல ஒரு பொண்ணு பாத்து வெச்சிக்கீறேன். நாளைக்கி வா, தட்டு மாத்திக்கலாம்.”

“எனக்குத்தான் கஸ்தூரி இருக்கறாளே அண்ணா.”

“எங்க கீறா? காட்டு பாப்போம். ஊரே சிரிக்குது. பொண்டாட்டிய வேலைக்கி அனுப்பிட்டு, இங்க பொம்மப் பொட்டி முன்னாடி குந்திக்கினு கீற. நீயெல்லாம் ஆம்பளயாடா?”

பாஸ்கர் எழுந்து பிரிண்டரிடம் போனார். நான் திரையைப் பார்த்தேன், அந்தப் பக்கத்திலும் ‘ஆண்மை’தான். அண்ணன் பெண் வீட்டு அடையாளத்தைச் சொல்லி, காலையில் வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐயா பேனாவை மூடினார். “வா, டீ குடிக்கலாம்” என்றார். அத்தனை மாதத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

டீக்கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். பிறகு டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

“என் சம்சாரம் அமெரிக்காவுல இருக்கா. மகன் சாஃப்ட்வேர். மருமகளுக்குப் பிரசவம்னு போனா. அப்புறம் ரெண்டாவது குழந்தை. மூணு வருஷமாச்சு. காலேஜ்ல யாருக்கும் தெரியாது. மூட்டுவலி, வெளியில வர்றதில்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“ஏன் ஐயா அப்டி?”

“பொண்டாட்டி விட்டுட்டுப் போனவன்னு பேசுவாங்களேன்னு பயம். ஆண்மையப் பத்தி இத்தனை பக்கம் எழுதறவன், இதுக்குப் பயப்படறேன்.”

நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு அவர் சித்தூர் பஸ்ஸுக்குப் போனார், நான் கடைக்குத் திரும்பினேன்.

4. வடமாலபேட்டை

போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தயாராகி உட்கார்ந்திருப்பாளே என்ற நினைப்பு என்னை விடவில்லை. ஞாயிறு காலையில் பஸ் ஏறினேன். அண்ணன் வருவதற்கு முன்பே அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். பெண்ணின் அப்பா நிலக்கடலை உலர்த்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“நைனா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி. பொண்டாட்டி குவைத்ல வேலை செய்றா. கொஞ்ச நாளா போன் வரல, அவ்ளோதான். உங்க பொண்ணுக்கு வேற எடம் பாருங்க.”

“அவ ஓடிப்பூட்டான்னு உங்கண்ணன் சொன்னாரே?”

“அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாம நான் இன்னொருத்தியக் கட்டிக்க முடியாது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “உள்ள வந்து தண்ணியாவது குடிச்சிட்டுப் போப்பா” என்றார். குடித்தேன். சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பெண்தான் என்று நினைக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் அண்ணன் எதிரே வந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். நான் கையை ஓங்கவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை போய்விட்டது. பொங்கல், பங்காளி வீட்டுக் கல்யாணம், எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. விசேஷ நாட்களில் பாஸ்கர் கடையை மூடிவிடுவார். அறையில் படுத்துக்கொண்டு பஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலை இல்லாத நாள்தான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

5. போன்

மாம்பழ சீசன் தொடங்கிய சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. எதிர்பார்க்காத நாள். பாஸ்கர் எடுத்து, ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“வேற வூட்டுக்கு மாத்திட்டாங்க. போனைப் பூட்டியே வெச்சிக்கினு இருந்தாங்க. வெளிய வுடல. இப்பதான் பழைய வூட்டுக்கே வந்துட்டேன்.” கஸ்தூரி அழவில்லை, வேகமாகப் பேசினாள். “ஊருல இன்னான்னா பேசிக்கினாங்க?”

“பேசிக்கினாங்க.”

“நீ இன்னா பண்ண?”

“நான் டைப் அடிச்சிக்கினு இருந்தேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே லைன் அறுந்தது.

ஐயாவின் ஆய்வேடு அந்த வருஷம் முடிந்தது. பைண்டிங்குக்கு முன்னால் ஐந்தாம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். வீட்டில் காத்திருக்கும் ஆணுக்கு நம் பழைய பாட்டுகள் இடம் வைக்கவில்லை, அது வருங்காலம் எழுத வேண்டியது என்று இருந்தது. அடித்துக் கொடுத்தேன். மறுவாரம் வந்து, வேண்டாம், எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவருடைய ஆட்கள் என்று அந்த ஹாலில் நான் ஒருவன்தான். பட்டம் கிடைத்தது, கை கொடுத்தார்கள். வெளியே வந்ததும், “வீட்டுக்குப் போன் போடலாமா ஐயா?” என்றேன்.

“அங்க இப்போ நடு ராத்திரி. எழுப்ப வேணாம்.” சொல்லிவிட்டு, வாங்கி வைத்திருந்த இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸைத் தேடிப் போனார்.

கஸ்தூரி ஒப்பந்தம் முடிந்து வந்தபோது சென்னைக்குப் போய் அழைத்துவந்தேன். இளைத்திருந்தாள், முன் நெற்றியில் நரை. பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். திருத்தணி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“இத்தினி நாளும் நீ இன்னா துன்ன? ஒடம்புக்கு வந்தா யாரு பாத்தாங்க? தனியா எப்டி இருந்த?”

இளைய நண்பர்களே, இன்று உங்களில் பலருடைய வீட்டில் ஒருவர் வெளிநாடு போயிருப்பார், ஒருவர் இங்கே இருப்பார். போனவர் எப்படி இருக்கிறார் என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆணாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

என்னை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நகரி போனது, புத்தூர் போனது, நான் சொல்லி முடிக்கவில்லை. கண்டக்டர் “திருப்பதி, திருப்பதி” என்று கதவைத் தட்டிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தேன்.