அண்ணன் கொண்டுவந்த பிசின்

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் தூத்துக்குடியில் ஒரு பிசின் கிட்டங்கியில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் கொழும்புத் தோணியில் போனால் வர நாளாகும். காட்டுக் கருவேல மரங்களில் வடிகிற பிசினைத் தரம் பிரிப்பதுதான் வேலை. கண்ணாடி மாதிரி மஞ்சளாக இருப்பது ஒரு குவியல், சிவந்தது ஒரு குவியல், பட்டையும் முள்ளும் ஒட்டியது இன்னொன்று. வேப்பம் பிசினைக் கலந்து தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் முதலாளி மேஜையில் எப்போதும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருக்கும். ஒரு துண்டுப் பிசினைப் போட்டு, கசடில்லாமல் கரைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சரக்கு எடுப்பார்.

அந்த ஒரு வருஷத்தில் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதன்முதலாகப் பேசியது என் அண்ணனுக்காக.

எங்கள் ஊர் ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காடு. பங்குனி வெயிலில் ஏழு வீட்டுப் பெண்கள் துரட்டியோடு ஓடைக்கரைகளில் அலைந்து பிசின் எடுப்பார்கள். தரகர் சொன்னதுதான் விலை. அந்த வருஷம் அண்ணன் எல்லார் பிசினையும் வாங்கி, நேராகத் தூத்துக்குடியில் போடுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டான். எங்கள் அண்ணன் சரக்கில் கலப்பு இருக்காது என்று முதலாளியிடம் தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

“ஒனக்குப் பேசவும் வருமா?” என்றார். பிறகு, கொண்டுவரச் சொல் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. கிட்டங்கி பூட்டியாகிவிட்டது, மறுநாள் லீவு. கடலுக்கு முப்பது தப்படி தள்ளி எங்கள் வீடு. முற்றத்தில் எட்டுச் சாக்குகளையும் இறக்கிவைத்த அண்ணன், ஒவ்வொன்றின் வாயையும் அவிழ்த்துவிட்டான். எங்கள் ஊர் வழக்கம் அது. புதுப் பிசினுக்குள் ஈரம் இருக்கும். காற்றுப்பட வைத்தால் காய்ந்துவிடும். ஆனால் அது கரிசல் காற்று. கடல் காற்றில் பிசின் இளகும் என்பதால் கிட்டங்கியில் கிழக்கு ஜன்னலைத் திறக்கவே மாட்டோம்.

காப்பி கொண்டுபோனபோதுதான் சாக்குகள் வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தேன். அண்ணன் என் மாமனாரோடு பேசிக்கொண்டிருந்தான். மாமா முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. தம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் இருவரும் கப்பல் பார்க்கப் போனபோது நானாவது கட்டியிருக்கலாம். அண்ணன் அவிழ்த்ததை நான் கட்டுவதா என்று தயங்கித் தயங்கியே பொழுது போய்விட்டது.

திங்கட்கிழமை சாக்கைக் கவிழ்த்தால் பிசின் கொட்டவில்லை. ஒரே கட்டியாக நின்றது.

“ஏளா, ஒங்க அண்ணன் பிசின் கொண்டாந்திருக்கானா, கருப்பட்டி கொண்டாந்திருக்கானா?” என்றாள் கங்காணி அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறான், திருப்பிக் கொண்டுபோகச் சொல் என்றார். அண்ணன் அசையாமல் நின்றான். ஏழு வீட்டுக்கும் என்ன பதில் சொல்வது என்று அவன் நினைப்பது எனக்குத் தெரிந்தது.

“மொதலாளி, தண்ணி தெளிக்கல,” என்றேன். “எங்க ஊர்ல தொறந்து வச்சுத்தான் காயவைப்போம். இங்கன கடக்காத்துக்கு ஆகாதுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்.”

அவர் ஒரு கட்டியின் ஓரத்தை உடைத்துத் தம்ளரில் போட்டார். பிசின் கரைய நேரமாகும். எல்லாரும் வேலைக்குத் திரும்பினாலும் கண்கள் மேஜையில்தான் இருந்தன. மத்தியானம் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கசடில்லாமல் இளமஞ்சளாக இருந்தது.

“கலப்பு இல்ல. மாடில வெயில்ல போட்டு ஒடைச்சுக் காயவைங்க, பொழுது சாயுமுன்ன உள்ள எடுத்துருங்க. காஞ்ச பெறவு எடை போடலாம்.”

மாடியில் உச்சிவெயிலில் நானும் அண்ணனும் மரச் சுத்தியலால் உடைத்தோம். யாரும் சொல்லாமலே கங்காணி அம்மாளும் ஒரு சுத்தியலோடு வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?” என்றான் அண்ணன்.

“மாமா இருந்தாவல்லா.”

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

நாலாம் நாள் எட்டுச் சாக்கும் தராசில் ஏறியது. அடுத்த பங்குனியில் அண்ணன் அனுப்பிய சாக்குகளுக்குச் சணல் கயிற்றில் மூன்று வரிசைத் தையல் போட்டிருந்தது. கங்காணி அம்மாள் அவனைத் திட்டித் திட்டியே பிரித்தாள். எனக்கும் பிரிக்க அரை நாள் ஆனது.