பதினெட்டுச் சீட்டு

எம்.பி.ஏ. முதல் செமஸ்டர் ஆன்லைனில் போனது. சாரம் பகுதியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கேமராவை அணைத்துவிட்டு, புள்ளியியல் வீடியோக்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். திட்டவிலக்கத்தை மட்டும் ஒன்பது முறை பார்த்தேன். மண்டையில் ஏறவில்லை. ஆனால் அது யாருக்கும் தெரியாது.

அடுத்த செமஸ்டர் நேரடி வகுப்பு. முதல் நாளே பேராசிரியை ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். புள்ளியியல் என்றால் எவ்வளவு பயம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். பெயர் வேண்டாமாம்! பக்கத்தில் இருந்தவள் என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஐந்து. மூன்று என்று எழுதினேன். அவளும் மூன்று எழுதினாள்.

பேராசிரியை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பதினெட்டுச் சீட்டிலும் மூன்று. அவர் சிரிக்கவில்லை.

"இதுக்குத் திட்டவிலக்கம் எவ்வளவு வரும்?"

சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்ற கணக்கு அது. இங்கே ஒருத்தரும் தள்ளி நிற்கவில்லை.

"பூஜ்யம்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

ஒன்பது தடவை வீடியோ பார்த்துப் புரியாதது, பதினெட்டுப் பேர் சேர்ந்து பொய் சொன்னதும் புரிந்துவிட்டது.